குட்டைக்கு நேர்மேலே நெட்டை

பயணிகள் படகு முகத்துவாரப் பாறையில் மோதி ஒருவர் இறந்த வழக்கில், படகுத்துறைக் காவல் நிலையத்தில் சாட்சி சொல்லச் சொல்ல எழுதியது.

என் பெயர், தகப்பனார் பெயர் இரண்டையும் முதல் தாளிலேயே எழுதிக்கொண்டீர்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் தேடினால் யாரும் வழிகாட்ட மாட்டார்கள். டீசல் அக்கா என்று கேட்க வேண்டும். வயது ஐம்பத்து நான்கு. படகுத்துறைத் தெருவில், கயிற்றுக் கிடங்குக்கு எதிரே, கீழே கடை, மேலே வீடு. கடையில் டீசல், என்ஜின் ஆயில், கிரீஸ், நங்கூரக் கயிறு முதலான படகுச் சாமான்கள் விற்கிறேன். கணவர் இறந்த பிறகு கடையை நானே பார்த்துக்கொள்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்து நான் இதைச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்கிற தைரியம் எங்கள் தெருவில் எவருக்கும் கிடையாது.

இந்த வழக்கில் லாக்கப்பில் இருக்கிற படகோட்டி என் கூடப்பிறந்த தம்பி. கரையில் இருக்கிற குட்டை விளக்கைப் பார்த்துக்கொள்கிற விளக்குக்காரர் என் கூடப்பிறந்த அண்ணன். நான் நடுவில் பிறந்தவள். தம்பி குடித்துவிட்டு, வழியை விட்டு விலகிப் படகை ஓட்டி ஒரு உயிரைப் போக்கினான் என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது நிலைத்துவிட்டால் அவன் வெளியே வரும்போது அவன் பிள்ளைகளுக்கே அவனை அடையாளம் தெரியாது என்று வக்கீல் சொல்கிறார். அவன் வழியை விட்டு விலகவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லும்படி ஐயா சொன்னீர்கள். எல்லோரும் சுருக்கமாகச் சொன்னதால்தான் தம்பி உள்ளே இருக்கிறான். ஆகவே விளக்கின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். எழுதுகிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்.

எங்கள் முகத்துவாரத்தில் ஒரு பக்கம் மணல் திட்டு, மறுபக்கம் பாறை. நடுவில் இருக்கிற ஆழத்தில்தான் படகு வர முடியும். கடலிலிருந்து வருகிறவனுக்கு அந்த ஆழம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத் துறைமுக ஆபீஸ்காரர்கள் என் அப்பா பிறப்பதற்கு முன்பே இரண்டு விளக்கு வைத்தார்கள். கரையோரத்தில் ஒன்று, ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதற்குப் பின்னால் மேட்டின்மேல் ஒன்று, உயரமான கோபுரம். ஊரில் குட்டை, நெட்டை என்பார்கள். கடலிலிருந்து பார்க்கும்போது குட்டையின் தலைக்கு நேர்மேலே நெட்டை நின்றால் படகு ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குட்டை எந்தப் பக்கம் விலகித் தெரிகிறதோ அந்தப் பக்கம் படகைத் திருப்ப வேண்டும். பகலில் பார்ப்பதற்கு இரண்டிலும் வெள்ளைப் பலகை, நடுவில் சிவப்புக் கோடு. படகோட்டிக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

முதலில் கட்டிய குட்டை செங்கல் அறை, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு. இரண்டு மழைக்காலம் போவதற்குள் அது ஒன்றுக்கும் உதவாமல் போனது. அறை இடியவில்லை. வழி இடம் மாறிவிட்டது. மழையில் ஆறு பெருகி வரும்போது மணல் திட்டைத் தள்ளும், ஆழம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒதுங்கும். செங்கல் அறை பழைய வழியையே காட்டிக்கொண்டு நின்றது. பல வருஷம் கழித்து ஆபீஸில் யாரோ யோசித்து, மரத்தில் ஒரு சின்ன அறை செய்து, அதன் அடியில் இரண்டு கனத்த உத்திரங்களைப் படுக்கவைத்துப் பொருத்தினார்கள். வழி மாறினால் விளக்கையும் இழுத்து நகர்த்திக்கொள்ளலாம். கரையில் குட்டை ஒரு ஆள் நீளம் நகர்ந்தால் கடலில் வழி ஒரு தெரு அகலம் நகரும். நெட்டை நகராது. பழைய செங்கல் அறையில் இப்போது அண்ணன் சாமான் போட்டு வைத்திருக்கிறார்.

அந்த மர அறைக்கு முதல் விளக்குக்காரர் என் அப்பா. நகர்த்துவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அது ஆபீஸ் சட்டமா அப்பாவின் சட்டமா என்று எனக்குத் தெரியாது. மழையில் வழி மாறியிருக்கும் என்று சந்தேகம் வந்த அன்றைக்கே குட்டையின் பலகையையும் விளக்கையும் சாக்குப் போட்டு மூடிவிட வேண்டும். சாக்குக் கிடந்தால் இந்த விளக்கை நம்பாதே என்று அர்த்தம். மழை விட்ட பிறகு படகோட்டி படகை எடுத்துப்போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி ஆழம் பார்த்து, புது வழியின் நடுவில் படகை நிறுத்திக் கொடியைத் தூக்க வேண்டும். கரையில் விளக்குக்காரர் உத்திரத்துக்கு அடியில் இரும்புக் குழாய்களை உருளைபோல் கொடுத்து, கப்பியில் கயிறு மாட்டி, துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு அறையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார். படகில் நிற்கிறவன் கண்ணுக்குக் குட்டைக்கு நேர்மேலே நெட்டை வந்ததும் கொடியை இறக்குவான். அந்த இடத்திலேயே போல்ட்டை முடுக்கி, அதன் பிறகுதான் சாக்கை எடுக்க வேண்டும். படகோட்டி கொடி தூக்காமல் குட்டையைத் தொடவே கூடாது என்பார் அப்பா. தண்ணீரில் போய் வருகிறவன் அவன், அவன் கண்ணுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பார்.

மண்ணெண்ணெய் போய் கேஸ் வந்தது, கேஸ் போய் பேட்டரி வந்தது, இப்போது சோலார் தகடு வைத்திருக்கிறார்கள். பெரிய துறைமுகம் வேறு ஊரில் வந்த பிறகு கப்பல் எதுவும் இந்தப் பக்கம் வருவதில்லை. இரண்டு விளக்கையும் எடுத்துவிடலாம் என்று ஆபீஸில் முடிவு செய்தார்கள். எதிரே தீவில் ஆஸ்பத்திரி இருப்பதாலும், அங்கே போய் வருகிற ஒரே பயணிகள் படகு தம்பி ஓட்டுகிற படகு என்பதாலும், ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து விளக்கைக் காப்பாற்றினோம். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. நிரந்தர ஆள் போட முடியாது, தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படித்தான் அப்பாவுக்குப் பிறகு அண்ணன் அங்கே போனார்.

அண்ணன் தரையில், தம்பி தண்ணீரில் என்று இருவரும் பல வருஷம் இந்த வேலையைச் சேர்ந்தே செய்தார்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு தம்பி படகிலிருந்தே கத்துவான். இன்னும் கொஞ்சம் இழுங்க, தொப்பை இடிக்குதா என்பான். கரையில் வேடிக்கை பார்க்கிற எல்லோருக்கும் கேட்கும். அண்ணன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இழுப்பார். வீட்டுக்குப் போய் அண்ணியிடம் அதையே சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம், தம்பி படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுகிறான் என்று அண்ணன் ஆபீஸில் சொல்லிவிட்டார். ஏற்றினான், நானே பார்த்திருக்கிறேன். ஆபீஸ்காரர்கள் அவன் லைசென்சை ஒரு மாதம் பிடித்து வைத்தார்கள். தம்பி என் கடையில் வந்து உட்கார்ந்து, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏற்றியிருக்க மாட்டேனே, ஊருக்கு முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று அழுதான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இருவரும் என் கடைக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் என்ன போஸ்ட் ஆபீஸா என்று இருவரையும் கேட்டிருக்கிறேன். 

இந்த வருஷ மழையில் படகை நிறுத்திவிட்டார்கள். குட்டையில் சாக்குப் போட்டிருந்தது, என் மாடியிலிருந்து பார்த்தேன். மழை விட்டதும் அண்ணன் கடைக்கு வந்து கிரீஸ் வாங்கினார். போகும்போது, ஆழம் பார்க்க அவனை வரச்சொல் என்றார். அன்றைக்கே தம்பியிடம் சொன்னேன். அவர் வாயால் கூப்பிட்டால் வருகிறேன் என்றான். அதையும் அப்படியே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அண்ணன் நெட்டையைத் துடைக்க மேட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு சில நாள் கழித்து, இன்றைக்குப் படகு ஓடும் என்று ஆபீஸில் போர்டு எழுதி வைத்தார்கள். அன்று காலை குட்டையில் சாக்கு இல்லை. நானும் பார்த்தேன், டீசல் வாங்க வந்த தம்பியும் பார்த்தான். தான் கொடி தூக்காமலே வேலை முடிந்துவிட்டதே, வேறு யாருடைய படகையோ வைத்து முடித்துக்கொண்டார் போலிருக்கிறது என்றான். முகம் சுருங்கிப்போனது. சரி, சாக்கை எடுத்தாகிவிட்டது, அண்ணன் எடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு டீசல் டின்னைத் தூக்கிக்கொண்டு போனான். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் அண்ணன் வேலையில் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. நான் அப்படி இல்லை. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு டின் கூட நான் இறக்கியது கிடையாது. ஆனால் அன்றைக்கு நானும் சும்மா இருந்துவிட்டேன்.

காலையில் போகும்போது தண்ணீர் ஏற்றமாக இருந்தது, பாறைக்கு மேலே நிறைய தண்ணீர். படகு ஒன்றும் இல்லாமல் போனது. சாயங்காலம் திரும்பும்போது தண்ணீர் வற்றியிருந்தது. பொழுது சாய்ந்து விளக்கு இரண்டும் எரிய ஆரம்பித்திருந்தன. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். படகு எப்போதும் வருகிற மாதிரி ஒரே நேராக வந்தது. வளையவில்லை, ஆடவில்லை. வந்துகொண்டே இருந்தது, அப்படியே நின்றது. அதன் பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

துறையில் இருந்தவர்கள் எல்லோரும் படகுகளை எடுத்துக்கொண்டு போய் ஆட்களைத் தூக்கினார்கள். ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. தீவு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். எந்நேரமும் தோளில் பிளாஸ்க் தொங்கும், அதனால் பிளாஸ்க் அக்கா என்றுதான் பெயர். அந்த பிளாஸ்க் மிதந்து படகுத்துறைப் படிக்கு வந்தது. திறந்து பார்த்தது நான்தான். உள்ளே இருந்த டீ சூடாக இருந்தது. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் துறைமுக அதிகாரி வந்து ஆழம் அளந்து பார்த்தார். குட்டையும் நெட்டையும் நேராகத் தெரிகிற கோட்டில் போனால் நல்ல ஆழம் இருக்கிறது, விளக்கில் தவறு இல்லை என்று எழுதினார். குட்டையை எப்போது நகர்த்தினீர்கள் என்று அண்ணனைக் கேட்டதற்கு, மழை விட்டதுமே நகர்த்தியாகிவிட்டது என்று அண்ணன் சொன்னார். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். விளக்கு சரி என்றால் படகோட்டிதான் தவறு. அன்று மத்தியானம் தம்பியைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள்.

படகு மோதியதிலிருந்து நான் யார் யாரைச் சந்தேகப்பட்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தம்பியைத்தான். படகு மோதிய அன்று ராத்திரியே, நெற்றிக் காயத்துக்கு அவனுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் அவன் வாயையும் சட்டையையும் மோந்து பார்த்தேன்.

"மோந்து பாக்கிறியாக்கா?" என்று கேட்டான்.

"ஆமாண்டா" என்றேன்.

டீசல் வாசனை, கடல் தண்ணீர் வாசனை, இவற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. குட்டைக்கு நேர்மேலதான் நெட்டை இருந்துச்சு, கடைசி வரைக்கும் கண்ணை எடுக்கலக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பொய் சொன்னால் அவனுக்கு வலது கால் ஆடும். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். கால் ஆடவில்லை. தம்பி பார்த்ததும் உண்மை, அதிகாரி அளந்ததும் உண்மை என்றால், சாயங்காலத்துக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் குட்டை நகர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டாவதாக மணல் காண்டிராக்டரைச் சந்தேகப்பட்டேன். முகத்துவாரத்தில் மணல் அள்ளுகிற வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி அவர் ரொம்ப நாளாக ஆபீஸைச் சுற்றுகிறார். ஒரு படகு கவிழ்ந்தால் வேலை தானாக அவர் மடியில் விழும். அவரிடம் டிராக்டர் இருக்கிறது, குட்டையை இழுப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. நேராக அவர் யார்டுக்குப் போய் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நாற்காலி போடச் சொல்லிவிட்டு, டிராக்டர் மழைக்கு முன்னாலிருந்தே ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்கும் அதையே சொன்னார். அவரையும் நம்பாமல் டிராக்டரின் அடியில் குனிந்து பார்த்தேன். என்ஜினைக் கழற்றித் தனியாக வைத்திருந்தது, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் சிலந்தி வலை பின்னியிருந்தது. காண்டிராக்டரிடம் திரும்பிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

அதன் பிறகு குட்டையையே பார்த்துவிடுவது என்று போனேன். காலை நேரம், அண்ணன் நெட்டையைத் துடைக்க மேட்டுக்குப் போயிருந்தார். குட்டையைச் சுற்றி மணலில் ஒரு காலடி கூட இல்லை. துடைப்பத்தால் பெருக்கிய கோடு மட்டும் இருந்தது. கடற்கரை மணலை யார் பெருக்குவார்கள்? போல்ட்டுகளில் புதுக் கிரீஸ் இருந்தது, விரலில் எடுத்துப் பார்த்தேன், என் கடைக் கிரீஸ்தான். பெருக்கியிருந்த இடத்தைத் தாண்டிப் புல் இருக்கிறது. அந்தப் புல்லில் குட்டையின் உத்திரம் முன்பு கிடந்த அச்சு அப்படியே இருந்தது. பலகைக்கு அடியில் இருந்த புல் மாதிரி வெளுத்துப்போய், தரையோடு படிந்து கிடந்தது. மழை விட்டதுமே குட்டையை நகர்த்தியிருந்தால் இத்தனை நாள் வெயிலில் அந்தப் புல் பச்சையாக எழுந்து நின்றிருக்கும். ஐயா இன்றைக்கே ஆளை அனுப்பிப் பாருங்கள். தாமதித்தால் அதுவும் பச்சையாகிவிடும்.

பழைய செங்கல் அறையில் எட்டிப் பார்த்தேன். இரும்புக் குழாய்களில் ஈர மணல் ஒட்டியிருந்தது. கப்பி மாட்டுகிற இடத்தில் இல்லை, கீழே கிடந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும், அறையை வேறு யாராவது திறந்திருக்கலாமே என்று பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடைத்த அடையாளம் ஏதாவது இருக்காதா என்று தேடினேன். பூட்டு நன்றாக இருந்தது.

அண்ணன் குடியிருப்பது குட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆபீஸ் வீடு. அன்று மத்தியானம் அங்கே போனேன். சாப்பிடுகிற நேரம். அண்ணி எனக்கும் தட்டு வைத்தார். அண்ணன் ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் ஸ்பூனைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கையைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை. எழுந்துபோய் நானே பிடித்துத் திருப்பினேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டு பேர் இழுக்கிற கயிற்றை ஒருத்தராக இழுத்த கை. அண்ணி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகு அண்ணன் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். மழை விட்ட பிறகு தம்பிக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு மீன்காரரின் படகில் போய்த் தானே ஆழம் பார்த்திருக்கிறார். புது வழிக்குக் குட்டை எங்கே நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு முளையும் அடித்துவிட்டார். ஆனால் குட்டையை நகர்த்தவில்லை. படகோட்டி கொடி தூக்காமல் தொடக்கூடாது என்பதால் நகர்த்தவில்லை என்றார். அன்று காலை ஆபீஸிலிருந்து போன் செய்து, படகு விடப்போகிறோம், விளக்கு தயாரா என்று கேட்டிருக்கிறார்கள். தயார் என்று சொல்லிச் சாக்கை எடுத்துவிட்டார்.

"முதல் ட்ரிப்புக்கு முன்னாடி எப்படியும் வருவான்னு நெனச்சேன். கொடி தூக்காம அவன் படகை எடுக்கமாட்டான்னு இருந்தேன். அவன் பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்.

படகு போன பிறகாவது சாக்கைத் திரும்பப் போட்டிருக்கலாமே, பகல் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நேரில் போய் உள்ளதைச் சொல்லி, தீவுக்குத் தகவல் கொடுக்கச் சொல்லலாம் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினாராம். தயார் என்று சொன்ன வாயால் தயார் இல்லை என்று எப்படிச் சொல்வது, அதிலும் தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்துச் சட்டையைக் கழற்றிவிட்டாராம். மறுபடி போட்டுக்கொண்டாராம். மறுபடி கழற்றிவிட்டாராம். காலையில் ஒன்றும் ஆகவில்லை, சாயங்காலமும் ஆகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டாராம். அவர் சொல்லும்போது எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தால் பிளாஸ்க் அக்கா இன்றைக்கு உயிரோடு இருப்பார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் தனியாகவே குட்டையை முளை அடித்த இடத்துக்கு இழுத்ததாகச் சொன்னார். இனி வருகிற படகாவது தப்பிக்கட்டும் என்றுதான் இழுத்தேன் என்றார்.

"அடுத்த படகுக்காக நகத்தினீங்க, சரிண்ணே. மணலை யாருக்காகப் பெருக்கினீங்க?" என்று கேட்டேன்.

அவர் ஸ்பூனைத் தட்டில் வைத்தார். அவருக்கு நிரந்தர வேலை உத்தரவு வருகிற நேரம் இது, பேப்பர் மேலே போயிருக்கிறது என்று அண்ணி அடுப்படியிலிருந்து சொன்னார். அண்ணன் அண்ணியைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கொடு, நானே போய் ஒப்புக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னார். நானும் கொடுத்தேன். அந்த இரண்டு நாள் முடிந்து இன்னும் சில நாளும் போய்விட்டது. தினமும் சாயங்காலம் குட்டை ஒழுங்காக எரிகிறது. தினமும் காலையில் தம்பி பொண்டாட்டி என் வீட்டில் சமைத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உங்கள் லாக்கப்புக்கு வருகிறாள். அண்ணன் செய்தது அவளுக்கு இன்னும் தெரியாது. அண்ணனைப் பெரிய மாமா என்று கூப்பிட்டு, பெரிய மாமா ஆபீஸில் சொல்லி ஏதாவது செய்யமாட்டாரா என்று என்னையே கேட்கிறாள்.

தம்பியை மாட்டிவிட வேண்டும் என்றே அண்ணன் இப்படிச் செய்தாரா என்று ஐயா கேட்டீர்கள். படகு மோத வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதை நான் சத்தியம் செய்வேன். தம்பி வந்து நிற்க வேண்டும் என்று நினைத்தார். தம்பியும் அண்ணன் வந்து கூப்பிட வேண்டும் என்று நினைத்தான். பிளாஸ்க் அக்கா இருவருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் அதிகாரி கேட்டபோது அண்ணன் ஏன் அப்படிச் சொன்னார், பயத்திலா, வேலைக்காகவா, பழைய கோபத்திலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இத்தனை நாளாக அதையேதான் யோசிக்கிறேன். எதைச் சொன்னாலும் இன்னொன்றாக இருக்குமோ என்று தோன்றுகிறது. அவரைக் கேட்டால் அவருக்கே தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

இன்று காலை உங்கள் கான்ஸ்டபிள் வந்து என்னை வரச்சொன்னபோது அண்ணன் என் கடையில் நின்றிருந்தார். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மொபெட்டை எடுத்தார். நான் இங்கே என்ன சொல்லப்போகிறேன் என்று வழியில் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேகத்தடை வந்தபோதெல்லாம் பிடித்துக்கொள் என்று மட்டும் சொன்னார். வாசலில் இறக்கிவிட்டு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நீ சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு வா, நான் இருக்கிறேன் என்றார். எல்லாம் தெரிந்துதான் கூட்டிக்கொண்டு வந்தாரா, அல்லது கூடப்பிறந்தவள் சொல்லமாட்டாள் என்ற நம்பிக்கையில் கூட்டிக்கொண்டு வந்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மேலே கண்டதெல்லாம் என் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான். சந்தேகம் என்று சொன்ன இடத்தில் சந்தேகம் என்றே எழுதியிருக்கிறார்கள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தாழ்ந்த குரலில் படிக்கும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(சாட்சியின் கையொப்பம்)

என் முன்னிலையில் எழுதப்பட்டது.
(உதவி ஆய்வாளரின் கையொப்பம்)